செருப்போட ஏறுடா

1

மேட்டூர் திறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் எனக்கு ஒரு வீடியோ வரும். எங்கள் ஊர் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வருகிற வீடியோ. முன்னால் நுரையும் சருகும் காலி பாட்டிலும் உருண்டு வரும், பின்னால் கலங்கலாகத் தண்ணீர். அண்ணன் எங்கள் மடைப் பக்கம் நின்று எடுத்து அனுப்புவார். அதே நாளில் குணாவுக்கும் ஒரு வீடியோ வரும். அதே வாய்க்கால், அதே நுரை. அது அவன் அக்கா அவர்கள் தெருப் பாலத்தில் நின்று எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் கனடாவில் உட்கார்ந்துகொண்டு, அவன் வீடியோவை நானும் என் வீடியோவை அவனும் பார்ப்போம்.

"உங்க பக்கம் சீக்கிரமே வந்துருச்சேடா" என்பான்.

"வராம என்ன, தலைமடையாச்சே" என்பேன்.

இதைப் பல வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஒரு நாளும் உறுத்தியதில்லை. இந்த வருஷம்தான் உறுத்தியது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. திருவையாற்றைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு தெரு இருக்கும். நான் ஒரு தெரு, குணா என்கிற குணசேகரன் இன்னொரு தெரு. அவன் அப்பா மாரிமுத்து எங்கள் வயலில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆறாம் வகுப்பிலிருந்து நானும் குணாவும் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் அவன் என்னை டா போட்டுப் பேசுவான். வயலில் என் அப்பா நின்றால் வாங்க, போங்க. அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாக எனக்குத் தெரியாது. நானும் ஒரு நாள் கூட "ஏன்டா?" என்று கேட்டதில்லை.

நான் முதலில் இங்கே வந்தேன். மூன்று வருஷம் கழித்து அவன் வந்தான். விமான நிலையத்தில் போய் அழைத்து வந்தது நான். எட்டு மாதம் என் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தான். இன்றைக்கு அவனுக்குச் சொந்தமாக லாரி ரிப்பேர் பட்டறை இருக்கிறது, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நான் இன்னும் அதே மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்தான் முன்பு போல இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோபாவில் அப்படியே விழுகிறேன்.

2

இந்த வருஷ வீடியோவோடு அண்ணனிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது. "பவர் சீக்கிரம் அனுப்பு. பங்காளி ரெடியா இருக்காரு."

விஷயம் இதுதான். அப்பா போனபிறகு நானும் அண்ணனும் வாய்ப் பேச்சாகப் பாகம் பிரித்துக்கொண்டோம். வீடும் கீழ வயலும் அண்ணனுக்கு. வாய்க்காலை ஒட்டிய மேல வயல், மூணு மா, எனக்கு. ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆனால் காகிதத்தில் எல்லாம் கூட்டுப் பட்டா. இப்போது அண்ணனுக்கு முடியவில்லை, முட்டி தேய்ந்துவிட்டது. மேல வயலை விற்றுவிடலாம் என்றார். நான் சரி என்றேன். எனக்கும் அலுத்துவிட்டது. திரும்பிப் போய் விவசாயம் பார்க்கப் போகிறேன் என்று எத்தனை வருஷம்தான் எனக்கு நானே கதை விட்டுக்கொள்வது.

இதை ஒரு நாள் பட்டறையில் வாய் தவறிப் போய் குணாவிடம் சொன்னேன். அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நான் வாங்கிக்கிறேன்டா. விலை நீயும் உங்க அண்ணனும் சொல்றதுதான். எங்கப்பாவுக்கு அந்த வயலைத் தவிர வேற வயல் தெரியாது."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு சொன்னார்.

"மேல வயல்ல பாய்ஞ்சுதான்டா கீழ எல்லாருக்கும் தண்ணி. அது அவங்க கைக்குப் போச்சுன்னா, நம்ம பங்காளிங்க எல்லாரும் வரப்பை வெட்டிவிடச் சொல்லி மாரிமுத்துகிட்ட போய் நிக்கணும். நீ அங்க இருக்கே. நான் இந்தத் தெருவுல நடமாடணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்துக்கலாம்ணே" என்றேன். அவ்வளவுதான் என் வீரம்.

குணா கேட்டபோதெல்லாம் பட்டாவைக் காட்டித் தப்பித்தேன். "கூட்டுப் பட்டாடா, தாலுகா ஆபீஸ்ல சிக்கல்." "ஜமாபந்தி முடியட்டும்." "சர்வேயர் லீவுல இருக்காராம்." ஊரில் பட்டாச் சிக்கல் என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள், அது ஒரு வசதி. மூன்று வாரம் இப்படியே ஓட்டினேன். இதற்கு நடுவில், எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டு விற்க அண்ணனுக்குப் பவர் எழுதப் படிவம் எடுத்து, பெயர் முகவரி எல்லாம் பூர்த்தி செய்து, செவ்வாய்க்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிவிட்டேன். சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன்.

3

அந்த நேரம் பார்த்துத்தான் குணா படகு வாங்கினான். பழைய படகில்லை, புத்தம் புதுசு. வெள்ளையும் நீலமுமாகப் பளபளவென்று. பின்னால் மோட்டார், முன்னால் மீன் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற சின்ன டிவி.

"சனிக்கிழமை முதல் ஓட்டம். நீதான் வர்றே. வேற யாரையும் கூப்பிடல" என்றான்.

இங்கே தூண்டில் போட வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். எங்கள் ஊரில் வாய்க்கால் வற்றும்போது மண்ணால் அணை கட்டி, இந்தப் பக்கத் தண்ணீரை அந்தப் பக்கம் இறைத்து, சேற்றில் கையை விட்டுப் பிடித்தவன் நான். எனக்கு லைசென்ஸாம். உயரம் கேட்டார்கள், எழுதினேன். கண் என்ன நிறம் என்று கேட்டார்கள். நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாகக் கண்ணாடி முன் போய் நின்று என் கண்ணைப் பார்த்தேன். சிவந்திருந்தது. பழுப்பு என்று எழுதினேன்.

என் மகள் நிலா பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாவது வருஷம். வாரக் கடைசியில் வந்து துணி துவைத்துக்கொண்டு போகிற அளவுக்கு எங்களோடு இருக்கிறாள்.

"சின்ன மீனா இருந்தா திரும்ப விட்டுருவீங்களா?" என்றாள்.

"ஆமா, அளந்து பாத்து விடணும்."

"அப்புறம் எதுக்குப்பா பிடிக்கிறீங்க?"

நான் படிவத்தில் பிறந்த தேதியை எழுதினேன். அவளே இன்னொன்றும் கேட்டாள். "அப்பா, ஊருக்குப் போனப்ப குணா அங்கிள் வீட்டைக் காட்டுங்கன்னு கேட்டேனே. டைம் இல்லன்னு சொன்னீங்க. நாம அங்க பதினெட்டு நாள் இருந்தோம்."

"வெயில் அதிகம்மா அப்ப" என்றேன். அவள் போனைப் பார்க்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டிலிருந்து குணா வீட்டுக்கு ஆறு நிமிஷ நடை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு தெருவைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது அவள் நல்லதற்கு என்று நினைத்திருந்தேன். யார் நல்லதற்கு என்று இப்போது யோசிக்கிறேன்.

4

சனிக்கிழமை காலையில் வடக்கே இரண்டு மணி நேரம் போனோம். குணா வண்டி ஓட்டினான், பின்னால் ட்ரெய்லரில் படகு. நான் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், சூடம், ஊதுபத்தி, ஒரு சீப்பு வாழைப்பழம். புது வண்டிக்குப் பூஜை போடாமல் எடுப்பதா?

படகுக்குச் சக்கரம் கிடையாது என்பது ஏரிக்கரையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. எலுமிச்சம்பழத்தை எதன் அடியில் வைப்பது?

"ட்ரெய்லர் சக்கரத்துல வைடா" என்றான் குணா.

"ட்ரெய்லர் தண்ணிக்குள்ள போகாதே, படகுதானே போகுது."

"ரெண்டும் ஒரே பில்லுதான். வை."

வைத்தேன். மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். சூடத்தை எடுத்தேன், குணா பாய்ந்து வந்து பிடுங்கினான். "பெட்ரோல் டாங்க்கு பக்கத்துல சூடமா? முதல் நாளே கொளுத்திட்டுப் போலாம்னு பாக்குறியா?" ஊதுபத்தியோடு விட்டோம்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் படகை இறக்கக் காத்திருந்தார். இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்தவர், வாழைப்பழத்தைப் பார்த்ததும் பதறிப்போனார். படகில் வாழைப்பழம் ஏற்றவே கூடாதாம். ஏற்றினால் மீன் ஒன்று கூடக் கிடைக்காது, மோட்டார் நின்றுபோகும், என்னென்னவோ நடக்குமாம். கிண்டல் பண்ணுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே பயம் அவர் முகத்தில் இருந்தது.

"நாம நல்ல சகுனம்னு எடுத்துட்டு வந்தது இவங்களுக்கு ஆகாதாம்டா" என்று குணா விழுந்து விழுந்து சிரித்தான். "வச்சிட்டு வா. ஊரோட ஒத்துப்போவோம்." பழத்தைக் கரையில் இருந்த பெஞ்சில் வைத்துவிட்டேன்.

படகு தண்ணீரில் இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. மரப்பலகை மேடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குணா உள்ளே ஏறி ஸ்டீயரிங் பக்கத்தில் நின்றான். லைஃப் ஜாக்கெட்டில் பார்க்கப் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"ஏறுடா" என்றான்.

நான் செருப்பைக் கழற்றிப் பலகையில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏறினேன்.

யோசித்துச் செய்யவில்லை. சாமி கும்பிட்ட வண்டி, புதுசு, சந்தனம் காயவில்லை, அவ்வளவுதான். நீங்களாக இருந்தாலும் கழற்றியிருப்பீர்கள். ஆனால் குணாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. என் காலையே பார்த்தான்.

"செருப்பு எங்க?"

"அங்க விட்டுட்டேன். பூஜை போட்ட வண்டிடா."

"போட்டுக்கிட்டு வா."

"பரவால்லடா, புதுசு, மண்ணு ஒட்டும்..."

"செருப்போட ஏறுடா." குரல் மாறிவிட்டது. "என் போட்டுல யாரும் செருப்பைக் கழட்டக் கூடாது. நீயும் கழட்டக் கூடாது. யாருமே."

இறங்கினேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். திரும்ப ஏறினேன். வெள்ளைக் கம்பளம் போட்ட தரையில் என் செருப்பின் ஈரத் தடம் பதிந்தது. அதை அவன் துடைக்கவில்லை. மோட்டாரைக் கிளப்பினான்.

5

ஏரி பெரியது. நடுவில் போய் மோட்டாரை நிறுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. தூண்டிலைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு மாரிமுத்துவின் செருப்புதான் கண்ணில் நின்றது. டயர் செருப்பு. எங்கள் தெருமுனையில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அங்கே வந்ததும் குனிந்து செருப்பைக் கழற்றுவார். இரண்டையும் சேர்த்து அக்குளில் வைத்துக்கொள்வார். தெருவைத் தாண்டி எங்கள் கொல்லை வரைக்கும் அப்படியே வருவார். திரும்பிப் போகும்போதும் அதே. சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கும்போதும் அதே. தலையில் துண்டு இருப்பது மாதிரி அக்குளில் செருப்பு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியிருக்கிறது. நான் ஏழு வயதுப் பையன், அவரை "மாரிமுத்து, வா, அப்பா கூப்பிடுறாரு" என்பேன். அவர் "வரேன் தம்பி" என்பார். அவருக்குப் பக்கத்தில் குணா நிற்பான், என் வயது.

நானும் அவனும் சேர்ந்து வாய்க்காலை இறைத்து மீன் பிடித்த நாட்கள் எத்தனை! சேற்றில் கையை விட்டுத் துழாவுவதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் கரையேறியதும் விரால் எல்லாம் என் சட்டியில் இருக்கும், முள்ளுக் கெளுத்தி அவன் சட்டியில் இருக்கும். எப்படி அப்படிப் பிரிந்தது? யாரும் பிரிக்கவில்லை. தானாகப் பிரிந்தது. அந்தத் தானாக என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் தூண்டிலில் ஏதோ இழுத்தது. ரீலைச் சுற்றினேன். சின்ன மீன், ஒரு சாண் கூட இருக்காது. குணா அளவுகோலை வைத்துப் பார்த்தான், விட்டுவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"பட்டா எந்த அளவுல இருக்கு?"

"கூட்டுப் பட்டா இல்லையாடா, தாலுகா ஆபீஸ்ல..."

"ரவி." என் பெயரை அவன் அப்படி முழுசாக, மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "உங்க அண்ணன் டீக்கடையில வச்சு எங்கப்பாகிட்ட சொல்லிட்டாரு. மூணு வாரம் ஆச்சு. 'உன் பையன் கனடாவுல எத்தனை மாடி வேணா கட்டட்டும், மேல வயல் எங்க பங்காளிக்குத்தான்'னு. அப்பா அன்னிக்கே எனக்கு போன் பண்ணி, விட்டுர்றா தம்பி, அவங்களுக்கு மனசு இல்லன்னாரு."

தண்ணீரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"உங்க அண்ணன் சொன்னது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல" என்றான். "அவரு அப்படித்தான், மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. நீ மூணு வாரமா சர்வேயர் லீவுங்குறே, ஜமாபந்திங்குறே. நானும் சரி சரிங்குறேன். இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த போட்டை எதுக்குடா இவ்வளவு அவசரமா எடுத்தேன்? தண்ணி நடுவுல உக்காந்தா உன்னால எழுந்து போக முடியாது, அப்பவாவது சொல்லுவேன்னு பாத்தேன்."

"குணா, நான்..."

"இரு. பவர் எழுதப் போறியாமே, உங்க அண்ணன் அதையும் ஊர்ல சொல்லியாச்சு. செவ்வாய்க்கிழமை. அதுக்குச் சாட்சி யாரைக் கூப்பிடப் போறே?"

 இந்த நாட்டில் என் ஒவ்வொரு காகிதத்திலும் சாட்சிக் கையெழுத்து குணாதான். வீட்டுக் கடன், பாஸ்போர்ட், நிலாவின் கல்லூரி விண்ணப்பம், எல்லாமே. அந்தப் படிவத்தில் சாட்சி இடத்தைக் காலியாக விட்டபோது என் மனசில் அவன் பெயர்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவனுக்கு விற்க மாட்டேன் என்கிற காகிதத்தில் அவனையே சாட்சிக்குக் கூப்பிடப் போகிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவனுக்கு உறைத்திருந்தது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"என்னைத்தானே?" என்றான். "தெரியும்."

பிறகு கோபம் இறங்கிய குரலில் பேசினான். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வயல்ல இறங்கும்போது எங்கப்பா செருப்பைக் கழட்டுவாரு. அது நெல்லுக்கு. உங்கப்பாவும் கழட்டுவாரு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. தெருவுல கழட்டுனாரே, அது உங்களுக்கு. அந்த வயல் எங்களுதா ஆச்சுன்னா, தெருவுல போட்டுக்கிட்டு நடந்து வந்து வரப்புல கழட்டிட்டு இறங்குவாரு. அது ஒண்ணு பாக்கணும்னு நினைச்சேன். ஒரே ஒரு தடவை. இனிமே வேண்டாம். விடு."

தூண்டிலைச் சுற்றி எடுத்தான். வீட்டுக்குக் கொண்டுபோக மீன் ஒன்றும் இல்லை. கரைக்கு வந்தபோது பெஞ்சில் என் வாழைப்பழத்தை அணில்கள் பாதி தின்றிருந்தன. வீடு வந்து சேரும் வரை ரேடியோதான் பேசியது. என்னை இறக்கிவிட்டுவிட்டு, "செவ்வாய்க்கிழமை எனக்கு லோடு வண்டி ரெண்டு வருது, வேற யாரையாவது பாத்துக்க" என்றான்.

6

அன்றைக்கு நிலா வீட்டில் இருந்தாள். "மீன் எங்கே?" என்றாள். இல்லை என்றேன். ஏன் முகம் இப்படி இருக்கிறது என்றாள். சோபாவில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தெரு, பிள்ளையார் கோயில், அக்குளில் செருப்பு, மூணு மா. என் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும் என்று நினைத்திருந்தேன். எல்லாம் புரிந்தது.

"அந்த வயல் உங்களுதா, பெரியப்பாவுதா?"

"என்னுதுதான். காகிதத்துலதான் சேர்ந்து இருக்கு."

"அப்ப உங்க கையெழுத்து இல்லாம பெரியப்பா விக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப இத்தனை நாளா நீங்கதானேப்பா வேண்டாம்னு சொல்லிட்டிருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். பிறகு துணியை மெஷினில் போடப் போய்விட்டாள்.  அண்ணன் பேரைச் சொல்லி, பங்காளி பேரைச் சொல்லி, தாலுகா ஆபீஸ் பேரைச் சொல்லி நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம்.

"அண்ணே, பவர் எழுதல. செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் பண்ணிட்டேன். மேல வயல் குணாவுக்குத்தான். வேற யாருக்கும் என் கையெழுத்து கிடையாது."

"யார் சொல்லிக் கொடுத்தா? அவனா?"

"இல்லண்ணே. அவன் வேண்டாம்னு சொல்லிட்டான்."

"வேண்டாம்னவனுக்கு எதுக்குடா தூக்கிக் கொடுக்குறே? நீ ஊருக்கு வந்தா எந்த வீட்டுல இறங்குவே, யோசிச்சியா?"

"யோசிச்சேண்ணே."

"பாகப்பிரிவினைப் பத்திரத்துல நானும் கையெழுத்துப் போடணும்ல? நான் போட மாட்டேன்."

"நீங்க போடுற வரைக்கும் காத்திருக்கேன்."

போனை வைத்துவிட்டார்.  அப்பாவுக்குப் பிறகு அப்பாவாக இருந்தவர் அவர். எனக்கு விமான டிக்கெட் எடுக்கத் தன் புல்லட்டை விற்றவர். அவரைப் பற்றி இங்கே எழுதுவதுகூட எனக்குச் சங்கடம்தான். ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுதுவது ஏமாற்று.

குணாவுக்குச் செய்தி அனுப்பினேன். நடந்ததை நாலு வரியில் எழுதினேன். பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது.  பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றே. அப்பாகிட்ட சொல்லு." கீழே ஒரு நம்பர்.

நாற்பது வருஷம் எங்கள் வீட்டுக்கு உழைத்தவரின் போன் நம்பர் அதுவரை என்னிடம் இருந்ததில்லை.

7

வீடியோவில் கூப்பிட்டேன். குணாவின் அக்காதான் எடுத்து அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். முதலில் கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, பிறகு அவர் முகம். வயதாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் டைல்ஸ் போட்ட சுவர், குணா கட்டிக்கொடுத்த வீடு.

யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தெரிந்ததும், போனைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

அவருக்கு மகனாக இருக்கலாம் என்கிற வயதில் இருப்பவன் நான். அவர் வீட்டுக்குள், அவர் நாற்காலியில் இருந்து, எட்டாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு போனில் தெரிகிற என் முகத்தைப் பார்த்து எழுந்து நிற்கிறார்.

"உக்காருங்க" என்றேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. மாமா என்றால் நாடகம் மாதிரி இருக்கும். உக்காருங்க, அவ்வளவுதான் வந்தது. அவரிடம் நான் ங்க போட்டுப் பேசிய முதல் வார்த்தை அது.

"இருக்கட்டும் தம்பி. நல்லா இருக்கீங்களா?"

"நீங்க உக்காருங்க, பேசலாம்."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். நிலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

சொன்னேன். மூணு மாவையும் குணா பெயருக்கோ அவர் பெயருக்கோ எழுதித் தருவதாகச் சொன்னேன். நாள் ஆகும், அண்ணன் சம்மதிக்க வேண்டும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, ஆனால் வேறு யாருக்கும் போகாது என்றேன். இத்தனை நாள் நான் சொன்ன பட்டாச் சிக்கல் எல்லாம் பொய் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன், எதுவும் ஒழுங்காக வரவில்லை.

 போன் கொஞ்சம் ஆடியது. கையெடுத்துக் கும்பிடுவாரோ, அழுவாரோ, வேண்டாம் என்பாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"மேல வயல்ல வடக்கு மூலை இருக்கு பாருங்க," என்றார்.

"ஆமா."

"அது மேடு. தண்ணி ஏறாது. ஒவ்வொரு நடவுக்கும் அந்த மூலை காஞ்சுதான் கிடக்கும். ஒரு முழம் வெட்டித் தெக்கால இறக்கிட்டா போதும், பூரா வயலும் ஒண்ணாப் பாயும். உங்கப்பாகிட்ட எத்தனையோ வருஷம் சொல்லிட்டேன். கேக்கல. நீ நடுறதை நடு, மேட்டை நான் பாத்துக்கறேன்னாரு. எங்க பாத்தாரு?"

"நீங்க சொன்னா சரியா இருக்கும்."

"பின்ன? வர்ற கோடையில வெட்டிறணும். அந்த மண்ணை வெளியில தள்ளக் கூடாது, தெக்கு வரப்பு சன்னமா இருக்கு, அதுக்குப் போட்டுக்கலாம். மடைக்கல்லும் சாஞ்சு கெடக்கு. அதை நிமித்தணும். கீழ இருக்கறவங்களுக்கும் தண்ணி சுளுவாப் போகும், உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, ஒருத்தருக்கும் ஒரு குறையும் வராது..."

அவர் பேசிக்கொண்டே போனார். வரப்பு, மடை, எந்த மூலையில் கோரை அதிகம், எந்த மூலையில் நண்டு வளை. குரல் பெரிதாகிவிட்டது. இடது கையை நீட்டி வாய்க்கால் இருக்கிற திசையைக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன், பேச்சோடு பேச்சாக அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி.

நான் நின்றுகொண்டு கேட்டேன்.